பத்துக்குப் பத்து அறை, நாலு பேர், ஒரு பீரோ

கேட்டிருப்பது இதுதான். சென்னையில் வாடகை வீடு, மொத்தம் 420 சதுர அடி. ஹால் 10க்கு 12, படுக்கையறை 10க்கு 10, அப்புறம் ஓர் அடுப்படி, ஒரு குளியலறை. கணவன், மனைவி, ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகள், 68 வயது மாமியார். அறைகள் கொஞ்சம் பெரிதாகவும் அழகாகவும் தெரிய என்ன வண்ணம் அடிக்கலாம், சோபா கம் பெட் சரிப்படுமா, மகளுக்குப் பங்க் கட்டில் போடலாமா? கடைசியில் ஒரு வரி: மாமியாரின் பழைய இரும்பு பீரோவை மட்டும் எடுக்கச் சொல்லாதீர்கள்.

சொல்ல மாட்டேன். 22 வருடமாக வீட்டு உள்வேலை பார்க்கிறேன், இதுவரை எந்த வீட்டிலும் மாமியார் பீரோவை வெளியேற்றி நான் ஜெயித்ததில்லை. வண்ணத்துக்கும் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் படுக்கையறையைக் கணக்குப் போடலாம்.

நூறு சதுர அடி. அதில் 5க்கு ஆறரை கட்டில், 32.5 போயிற்று. பீரோ மூன்றடி அகலம், 19 அங்குல ஆழம், கிட்டத்தட்ட 5. பீரோக் கதவு இரண்டும் திறக்க முன்னால் ஒன்றரை அடி விட வேண்டும், அது 4.5. அறைக் கதவு திறந்து மூட ஆறேகால். மேசை 4க்கு 2 என்றால் 8, நாற்காலிக்கு 4, டிரெஸ்ஸிங் டேபிளுக்கு ஏறக்குறைய 4. கூட்டினால் 64 வருகிறது. மிச்சம் 36 சதுர அடி இருக்கிறதே என்று தோன்றும். அந்த 36ம் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒன்றரை அடி, பீரோவுக்கும் மேசைக்கும் நடுவே ஒரு முழம் என்று துண்டு துண்டாகக் கிடக்கும். ஆள் நுழையலாம், உட்கார முடியாது. இந்த அறைக்கு எந்த வண்ணம் அடித்தாலும் நெரிசல் அப்படியேதான் இருக்கும்.

அறை சின்னது என்பதையே குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பில், இரண்டு அறை உள்ள வீட்டில் ஓர் அறை குறைந்தது 9.5 சதுர மீட்டர், இன்னொன்று 7.5 சதுர மீட்டர் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் ஹால் 11 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல், படுக்கையறை ஒன்பதேகால். விதி கேட்பதைவிட இரண்டுமே பெரியவை.

நான் வளர்ந்தது திருவல்லிக்கேணியில் ஒரு ஒண்டுக்குடித்தனத்தில். மாடிப் போர்ஷன், 9க்கு 14ல் ஒரே அறை, ஒட்டினாற்போல் அடுப்படி, ஆறு பேர். காலை ஐந்து மணிக்குப் பாய்களைச் சுருட்டி மூலையில் நிறுத்திவிடுவோம். ஆறு மணிக்கு ஜன்னல் ஓரம் அப்பாவின் சவரம். ஒன்பது மணிக்கு மேல் அதே ஜன்னலுக்கு அம்மாவின் தையல் மிஷின் வந்துவிடும். சாயங்காலம் மிஷினின் தலையை உள்ளே மடக்கிப் பலகையை மூடினால் அதுதான் நான் எழுதும் மேசை. எட்டரைக்கு அதே தரையில் வட்டமாக உட்கார்ந்து சாப்பாடு, பத்து மணிக்குத் திரும்பவும் பாய். யாரும் எங்களுக்கு வீட்டு அலங்காரம் சொல்லித்தரவில்லை. ஓர் இடம் யாருக்கு என்று கேட்காமல், எந்த நேரத்துக்கு யாருக்கு என்று கேட்டுப் பழகியிருந்தோம், அவ்வளவுதான். அந்த வாழ்க்கையில் சுகம் கொட்டிக்கிடந்தது என்று கதைவிடவும் மாட்டேன். கழிப்பறைக்கு வரிசை நின்றவனுக்கு அந்த ஏக்கம் வராது.

பெரிய வீடுகளிலும் இந்தக் கணக்கு இருந்திருக்கிறது. செட்டிநாட்டு வீட்டைப் போய்ப் பார்த்தவர்கள் கவனித்திருப்பீர்கள். தேக்குத் தூணும் அகன்ற முற்றமும் உள்ள மாளிகையில், வளவை, அதாவது அந்த நடு முற்றத்தைச் சுற்றி ஒவ்வொரு மகன் குடும்பத்துக்கும் ஒதுக்கிய அறைகள் சின்னதாகத்தான் இருக்கும். சாமான்களைப் பூட்டிவைக்கவும் இரவு படுக்கவும்தான் அறை. பகல் முழுக்க வளவிலும் அதை ஒட்டிய தாழ்வாரமான பத்தியிலும் கழிந்துவிடும். சண்டிகரைத் திட்டமிட்ட லெ கார்பூசியே தனக்கென்று பிரான்சின் தென்கடற்கரையில் 1952ல் ஒரு மரக்குடில் கட்டிக்கொண்டார். 3.66 மீட்டர் சதுரம், நம் கணக்கில் 12க்கு 12. கட்டில், மேசை, அலமாரி எல்லாம் அதற்குள்ளேயே. ஆனால் அடுப்படி கிடையாது. சாப்பாடு பக்கத்து உணவகத்தில். எந்த வேலையை அறையை விட்டு வெளியே அனுப்பலாம் என்று அவரும் யோசித்திருக்கிறார்.

அதனால் ஒரு தாளை எடுத்து உங்கள் வீட்டின் ஒருநாளை எழுதுங்கள். காலை ஆறு, ஒன்பது, மதியம் இரண்டு, மாலை ஐந்து, இரவு எட்டு, பத்து. ஒவ்வொரு நேரத்திலும் யார் எங்கே, என்ன செய்கிறார்கள்? எழுதி முடித்ததும், நேரம் மாறும்போது தானும் மாறாமல் அசையாமல் நிற்கிற பொருள் எது என்று பாருங்கள். உங்கள் வீட்டில் அது அந்தப் பெரிய கட்டில்தான். இரவு ஏழு மணி நேர வேலைக்காக 24 மணி நேரமும் அறையில் மூன்றில் ஒரு பங்கை அடைத்துக்கொண்டிருக்கிறது.

கட்டிலைத் தூக்கிப்போட வேண்டாம். ஆனால் அதைக் கொடுத்துவிட்டு மூன்றடி அகலக் கட்டில் இரண்டாக வாங்கினால் அறையே வேறு மாதிரி ஆகும். பகலில் இரண்டையும் சுவரோரம் ‘ட’ வடிவில் போட்டுவிடலாம், நடுவில் ஒரே துண்டாகத் தரை கிடைக்கும். இரவில் சேர்த்துப் போட்டால் ஆறடி அகலம், மூன்று பேர் படுக்கலாம். காலுக்கு அடியில் உருளை போட வேண்டாம், தூக்கத்தில் புரண்டால் விலகிவிடும். கனத்த ஃபெல்ட் ஒட்டினால் தரையில் வழுக்கி வரும், தானாக நகராது. உங்கள் மகளுக்குத் தரையில் படுக்கப் பிடிக்குமென்றால் இன்னும் நல்லது. மெல்லிய இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். வாரம் ஒருநாள் மொட்டைமாடி வெயிலில் போட்டெடுங்கள், இல்லாவிட்டால் மழைக்காலத்தில் மக்கல் வாடை வரும்.

சோபா கம் பெட் பற்றி. கடையில் விரித்துக் காட்டும்போது அற்புதமாகத்தான் இருக்கும். விரிக்கிற அளவுக்கு முன்னால் தரை காலியாக இருக்க வேண்டும் என்பதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். நான் பார்த்த வீடுகளில் மூன்று மாதத்துக்குப் பிறகு அது ஒன்று எப்போதும் விரிந்தே கிடக்கும், இல்லையென்றால் எப்போதும் மூடியே கிடக்கும். நானே ஒரு வீட்டுக்குச் சுவரோடு மடியும் கட்டில் செய்து கொடுத்தேன். பிளைவுட், ஹைட்ராலிக், மைக்கா எல்லாம் முதல்தரம். ஒரு வருடம் கழித்து வேறு வேலையாகப் போனபோது கட்டில் விரிந்திருந்தது, அதன்மேல் துவைத்த துணி மலை. மடக்க வேண்டுமென்றால் முதலில் துணியை மடிக்க வேண்டும், யார் மடிப்பது? அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: மடக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிற எதையும் செய்து கொடுப்பதில்லை.

ஹாலில் சோபாவுக்குப் பதில் உங்கள் மாமியாருக்கு ஒரு திவான் போடுங்கள். மூன்றடி அகலம், ஆறேகாலடி நீளம். உயரம் மெத்தையோடு சேர்த்து 18 அங்குலமாவது இருக்கட்டும், மூட்டுவலிக்காரர்கள் தாழ்வான திவானிலிருந்து எழப் படும் பாடு சொல்லி முடியாது. பகலில் உருளைத் தலையணை இரண்டைச் சுவரோரம் வைத்துவிட்டால் வந்தவர்கள் உட்கார அதுதான் சோபா. அடியில் சாமான் பெட்டி வேண்டுமென்றால் மேலே மெத்தையைத் தூக்கித் திறக்கிற மாதிரி வைக்காதீர்கள். அவரால் தூக்க முடியாது, ஒவ்வொரு முறையும் உங்களைக் கூப்பிட வேண்டியிருக்கும். முன்பக்கம் இழுக்கிற டிராயர் வையுங்கள், இழுக்க இரண்டடி தரை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு.

இதில் எல்லோரும் மறப்பது ஒன்று உண்டு. ஹாலில் படுக்கிற பெரியவருக்கு, தூக்கம் வந்தாலும் டிவி ஓய்கிறவரை படுக்க முடியாது. விருந்தாளி வந்தால் காலை நீட்ட முடியாது. வீட்டில் இடம் இல்லை என்பதை முழுக்கச் சுமப்பது அவர்தான். திவானைச் சுற்றிக் கூரையில் ஒரு திரைச் சேனல் போட்டுப் பருத்தித் திரை தொங்கவிடுங்கள், மருத்துவமனை வார்டு மாதிரி பச்சையில் வேண்டாம், நல்ல பூப்போட்ட துணியாக. தலைமாட்டில் ஒரு விளக்கு, அவர் கைக்கெட்டும் சுவிட்ச், கண்ணாடியும் மாத்திரையும் வைக்க ஒரு சின்னத் தட்டு. இந்த ஒரு வேலைக்கு மற்ற எதைவிடவும் குறைவாகத்தான் செலவாகும். வீட்டுக்குள் ஒரு தனி அறை கூடிவிடும்.

பங்க் கட்டில் வேண்டாம். 10க்கு 10 அறையில் நடுவில் 48 அங்குல ஃபேன் ஓடுகிறது. நடுப்புள்ளியிலிருந்து சுவர் ஐந்தடி, இறக்கை இரண்டடி, ஆக இறக்கையின் நுனி சுவரிலிருந்து மூன்றடியில் சுற்றும். பங்க் கட்டிலின் அகலமும் மூன்றடி. மேல்தட்டில் படுத்த குழந்தை காலையில் எழுந்து கையைத் தூக்கிச் சோம்பல் முறித்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. ஃபேனை எடுத்துவிட்டுச் சுவர் ஃபேன் மாட்டினால் யோசிக்கலாம். ஆனாலும் மே மாதத்தில் கான்கிரீட் தளத்துக்கு நாலடி கீழே படுக்கச் சொல்வது அந்தப் பெண்ணுக்குத் தண்டனை. மேல்மாடி வீடென்றால் கேட்கவே வேண்டாம்.

அவளுக்கு அதைவிடத் தேவைப்படுவது படிக்கிற இடம். இரண்டரை அடிக்கு ஒன்றரை அடி பலகை, மடக்கு பிராக்கெட் இரண்டு, சுவரில் நாலு ஓட்டை. மேசை உயரத்தை 28 அங்குலத்தில் வைத்து இப்போதைக்குக் காலுக்கு ஒரு முக்காலி கொடுங்கள், இரண்டு வருடத்தில் முக்காலி தேவைப்படாது. படித்து முடித்ததும் பலகையைக் கீழே இறக்கிவிட்டால் நாலங்குலம்தான் நீட்டிக்கொண்டிருக்கும். வாடகை வீட்டில் ஓட்டை போட வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கேட்டு வாட்ஸ்அப்பில் ஒரு வரி வாங்கிவையுங்கள். காலி செய்யும்போது புட்டி வைத்து அடைத்துத் தருகிறேன் என்று சொன்னால் பெரும்பாலும் தலையாட்டுவார்கள். முன்பணத்தில் பிடித்தம் என்று பிறகு சண்டை போடுவதைவிட இது மேல்.

சாமான்களுக்கு வருவோம். தரையில் நிற்கிற எதையும் அடியில் துடைப்பம் நுழைகிற மாதிரி ஆறங்குலக் காலில் நிறுத்துங்கள். அடியில் தரை தெரிந்தால் கண் அதையும் அறையோடு சேர்த்துக்கொள்ளும். கூட்டுவதற்கும் சுலபம். ரெடிமேடாக மலிவில் கிடைக்கிற பார்ட்டிகிள் போர்டு சாமான்கள் தரையோடு ஒட்டி நிற்பவை, தினம் மாப் போடுகிற வீட்டில் அடிப்பாகம் ஊதிவிடும். பிளைவுட்டில் செய்யச் சொன்னால் ஐஎஸ் 303 எம்ஆர் என்று தர முத்திரை உள்ள, ஈரப்பதம் தாங்கும் ரகம் போதும், தண்ணீர் படும் அடுப்படிக்கு மட்டும் தண்ணீரையே தாங்கும் ஐஎஸ் 710. ஆசாரி எல்லாவற்றுக்கும் 710 என்பார், உங்கள் பணத்தில் அவர் தாராளமாக இருக்கிறார்.

கதவு உயரத்துக்கு மேல், ஏழடியில், அறையைச் சுற்றி ஓடும் சுவர்தான் நீங்கள் வாடகை கொடுத்தும் பயன்படுத்தாத இடம். எங்கள் பாட்டி வீட்டில் அது பரண். இப்போது லாஃப்ட் என்கிறோம். லாஃப்ட் ஏற்கெனவே நிறைந்திருக்கிறது என்பீர்கள். தெரியும். இறக்கிப் பாருங்கள், கொலுப் பொம்மை, பண்டிகைப் பாத்திரம், பயணப்பெட்டி தவிர்த்து மற்றது அநேகமாக அட்டைப்பெட்டிகளாக இருக்கும். டிவி வாங்கிய பெட்டி, மிக்ஸி வாங்கிய பெட்டி, வாரண்டி முடிந்த பிறகும் பத்திரமாக. அவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டாலே பாதி லாஃப்ட் காலி. பயணப்பெட்டியைக் காலியாக வைக்காதீர்கள், போர்வையும் ஸ்வெட்டரும் அதற்குள் போகட்டும். வருடம் ஒருமுறை எடுப்பது மேலே, வாரம் ஒருமுறை எடுப்பது கண் உயரத்தில், தினம் எடுப்பது கைக்கு. கொடிக்கும் இதே கணக்குதான். கூரையில் கப்பி வைத்து இறக்கி ஏற்றுகிற துணிக்கொடி கிடைக்கிறது. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் ஈரத்துணி முகத்தில் உரசாமல் நடக்கலாம்.

இப்போது வண்ணம். வெளிர் நிறம் அறையைப் பெரிதாகக் காட்டும் என்பது உண்மைதான், அது விழுகிற வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது, அவ்வளவு. அனுப்ப வெளிச்சம் வேண்டுமே. நான் மேலே சொன்ன விதித்தொகுப்பு, நம்மைப் போன்ற ஈர வெப்பப் பகுதிக்கு ஜன்னல் திறப்பு தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்கு இருக்கச் சொல்கிறது. நூறு சதுர அடிக்கு ஏறக்குறைய 17. நாலுக்கு நாலு ஜன்னலில் 16தான் வரும். அதிலும் பாதியைப் பீரோவோ கூலரோ மறைத்திருந்தால் எந்த ஐவரியும் உதவாது. முதலில் ஜன்னலுக்கு முன்னால் இருப்பதை எடுங்கள், கம்பி வலையில் படிந்த தூசியைக் கழுவுங்கள். அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும், பெயிண்டர் தேவையில்லை.

அப்புறம் சுவருக்கும் கூரைக்கும் ஒரே ஹாஃப் ஒயிட். இரண்டும் எங்கே சந்திக்கின்றன என்று கண்ணுக்குத் தெரியாவிட்டால் உயரம் கூடின மாதிரி இருக்கும். டிவி இருக்கும் சுவருக்கு மட்டும் அடர் நீலம் அடிக்கும் மோகம் இப்போது இருக்கிறது. நுழைந்ததும் எதிரே, தூரத்தில் தெரிகிற சுவராக இருந்தால் சரி. பக்கவாட்டுச் சுவரில் அடித்தால் அது உங்களை நோக்கி வருவது போலிருக்கும்.

விளக்கு பற்றி எனக்கு ஒரு கோபமே உண்டு. நம் வீடுகளில் நடுச்சுவரில் ஒரே டியூப், 6500 கெல்வின் வெள்ளை (கெல்வின் என்பது ஒளியின் நிறத்துக்கான அளவு, எண் குறையக் குறைய மஞ்சள்). அதில் எல்லாமே ரேஷன் கடை மாதிரி தெரியும். படிக்கிற பலகைக்கு மேல் 4000 கெல்வினில் ஒன்று, திவான் தலைமாட்டில் 3000ல் மஞ்சள் ஒன்று, மூலையில் கூரையைப் பார்த்து ஒளி வீசுகிற மாதிரி இன்னொன்று. டியூப் இருக்கட்டும், ஊசியில் நூல் கோக்கும்போது போட்டுக்கொள்ளலாம். மூலை இருட்டாக இல்லாவிட்டால் அறையின் எல்லை தள்ளிப்போகும். வண்ணத்தைவிட இது மலிவு, காலி செய்யும்போது கழற்றிக்கொண்டும் போகலாம்.

திரைக்குக் கடைக்குப் போக வேண்டாம். ஐந்தரை மீட்டர் பருத்திப் புடவையைச் சரிபாதியாக வெட்டினால் ஒவ்வொன்றும் ஒன்பதடி நீளம், கிட்டத்தட்ட நாலடி அகலம். மேலும் கீழும் மடித்துத் தைத்தால் எட்டரை அடிக்குக் குறையாது. கம்பியை ஜன்னலுக்கு மேலே அல்ல, கூரைக்குப் பக்கத்தில் எட்டரையில் அடியுங்கள், இரண்டு பக்கமும் அரையடி நீட்டி. திறக்கும்போது துணி சுவர்மேல் போய் ஒதுங்கும், ஜன்னல் முழுசாகக் கிடைக்கும். துணியின் நுனி தரையைத் தொட்டு விழும். உங்கள் வீட்டில் கட்டாமல் கிடக்கிற சுங்குடியோ காஞ்சிப் பருத்தியோ இருந்தால் போதும். கீழே விரிக்க ஒரு பவானி ஜமக்காளம், கோடுகள் அறையின் நீளவாக்கில் ஓடுமாறு. சுவரில் படம் மாட்டுவதென்றால் எட்டுச் சின்னப் படம் வேண்டாம், ஒன்றே ஒன்று, பெரிதாக.

கண்ணாடி ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் இருந்தால் இன்னொரு ஜன்னல் மாதிரி. படுக்கைக்கு எதிரே கண்ணாடி ஆகாது என்று வீட்டில் சொன்னால் அதற்காக வாதாட வேண்டாம், பக்கச் சுவரில் ஜன்னலை ஒட்டி மாட்டினாலும் பாதி வேலை நடக்கும். டிரெஸ்ஸிங் டேபிள் மட்டும் கண்டிப்பாகப் போக வேண்டும். அந்தக் கண்ணாடியும் ஒரு தட்டும் சுவருக்கு ஏறினால் நாலு சதுர அடி தரை திரும்பக் கிடைக்கும்.

மிச்சம் பீரோ. ஜன்னல் எந்தச் சுவரில் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் அறைக் கதவு திறந்து சாய்கிற பக்கத்துச் சுவரின் கோடி மூலைதான் பெரும்பாலும் அதற்கு இடம், அங்கே வேறெதுவும் வைக்க முடியாது. வெளிச்சுவராக இருந்தால் இரண்டங்குலம் தள்ளி நிறுத்துங்கள், மழையில் சுவர் ஓதம் வாங்கி முதுகுத் தகடு துருப்பிடிக்கும். தலைமேல் பெட்டி அடுக்காதீர்கள். பழைய பச்சை நிறம் உறுத்தினால் அதைச் சுவரின் நிறத்திலேயே டூகோ ஸ்ப்ரே பெயிண்ட் அடித்துவிடலாம், சுவரோடு சுவராகக் கரைந்துவிடும். அவரைக் கேட்டுவிட்டு அடியுங்கள். நகர்த்தும் அன்று உள்ளே இருப்பதை அவரையே எடுத்து வைக்கச் சொல்லுங்கள், நீங்கள் தொட வேண்டாம். பிறகு நனைத்த கோணிச்சாக்கை நாலு காலுக்கும் அடியில் கொடுத்து இரண்டு பேர் மெதுவாக இழுத்தால் தரையில் கீறல் விழாது. இடம் மாறியதும் கதவு சரியாகச் சாத்தவில்லை என்றால் பூட்டு கெட்டுவிட்டது என்று பயப்படாதீர்கள். தரை மட்டம் மாறியிருக்கும். தாழ்ந்த காலுக்கு அடியில் ஒரு சின்ன மைக்காத் துண்டை மடித்துக் கொடுக்கப் போனால் உடையும், ரப்பர் துண்டு வையுங்கள். சாவி திரும்பும்.